பாதி வழியில் திரும்பிய மேயர்

முக்கடலும் வந்து அடிபணியும் முனையில், கையில் மாலையேந்தி, மூக்குத்தி ஒளியால் இருள் துடைத்து நிற்கும் குமரித் தாயே! காத்திருத்தலையே தவமாகக் கொண்டவளே! வாசலில் காத்திருந்த சிலரைப் பற்றி எழுதப் புகுகிறேன். சொல் தவறாமல் காத்தருள்வாய்.

இன்று ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நாகருக்குப் பால் வார்த்து, மஞ்சள் சாத்தி, ஈரவேட்டி உலருமுன் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆவணி ஞாயிறு அன்று தொட்ட காரியம் துலங்கும் என்பது நாஞ்சில் நாட்டார் நம்பிக்கை. துலங்கட்டும்.

நகராட்சிப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையரே, நம் பணியாளர் மலருக்கு அனுபவம் ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நகர்மன்றத் தலைவர்களுக்கு நேர்முக உதவியாளனாக நெடுங்காலம் இருந்தவன் நான். கோப்பு எழுதவும் கூட்டக் குறிப்பு எடுக்கவும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். வாசலில் நிற்பது எப்படி என்று அங்கே சொல்லித் தர மாட்டார்கள். ஆகையால் அதை எழுதுகிறேன்.

நான் அந்தப் பொறுப்பை ஏற்ற அன்று, அப்போதைய அலுவலக மேலாளர் ஒரு மர நாற்காலியைத் தம் கையாலேயே தூக்கிவந்து தலைவர் அறைக்கு வெளியே போட்டார். எனக்காகத்தான் போடுகிறார் என்று நினைத்து உட்காரப் போனேன்.

“இது உனக்கில்ல, கேட்டியா? வாறவன் மொதல்ல இதுல இருக்கட்டும். இருந்த பொறவு நீ ஆருன்னு கேளு. நிக்க வச்சுக் கேட்டா எல்லாவனும் பொய்தான் சொல்லுவான்” என்றார்.

அவ்வளவுதான் அவர் எனக்குத் தந்த பயிற்சி. நம் பக்தி மரபில் வாயில்காப்போனுக்கு ஓர் இடம் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். இறைவனைப் பாட வந்த அடியவர்கள் முதலில் அந்தக் காவலனிடம் நயந்து பேசித்தான் உள்ளே போகிறார்கள். அவன் முகம் சுளித்தால் பாட்டு வாசலிலேயே நின்றுவிடும். காலையில் ஓதிவிட்டு அலுவலகம் போகும்போதெல்லாம் அந்த நினைப்பு என்னோடு வரும். பாடப் போகிறவனாக நான் என்னை எண்ணிக்கொண்டதில்லை; வாசலில் நிற்பவனாகவே எண்ணிக்கொண்டேன்.

இனி மேயர் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் மாநகராட்சி அன்று. நடுத்தரமான ஒரு நகராட்சி. ஆயினும் நான் இறுதியாகப் பணிசெய்த தலைவரைக் கடைத்தெரு முழுவதும் மேயர் என்றே அழைத்தது. அவர் பதவியேற்றுப் படியிறங்கி வந்தபோதே ஓர் ஆட்டோக்காரர் வழிமறித்தார்.

“மேயரே, எனக்க தெருக்குழாயில வெள்ளம் வந்து வாரம் ஒண்ணாச்சு, கேட்டீரா?”

“மக்கா, நான் மேயரில்ல. வெறும் சேர்மேன்.”

“வெள்ளம் வரட்டும், பொறவு பிரதமர்னே கூப்பிடுதேன்.”

“நாளைக்கு ஆபீசுக்கு வா. பாத்துருவோம்.”

மறுநாள் அந்தத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. ஆட்டோக்காரர் பிரதமர் என்று அழைக்கவில்லை. மேயர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தலைவர் ஆவதற்கு முன் அவர் நாற்காலி, பந்தல், சமையல் பாத்திரம் ஆகியவற்றை வாடகைக்குக் கொடுத்து வந்தார். கோயில் கொடையானாலும் தேவாலயத் திருவிழாவானாலும் பள்ளிவாசல் விருந்தானாலும் அவருடைய அண்டாவில்தான் சோறு வெந்தது. துக்க வீடுகளில் உறவினர் வந்து சேருமுன் அவர் நாற்காலிகள் வந்து இறங்கியிருக்கும். கூடவே அவரும் இறங்கி, யாரும் கேட்காமலே முற்றத்தைப் பெருக்கி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் போவார். தம் வார்டில் சுயேச்சையாக நின்று வென்றார். மன்றத்தில் இரு தரப்பாருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காததால் இருவருக்கும் இவரைப் பிடித்துப்போயிற்று, தலைவரானார்.

அவர் சீர்திருத்தக் கிறித்தவர். சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவர். என் நெற்றியைப் பார்த்து என்னைச் சாமி என்று அழைப்பார். மன்றக் கூட்டத்தில் சண்டை வரும் என்று தெரிந்த நாள்களில், “சாமி, ஒரு பாட்டு சொல்லும். அதைக் கேட்டுட்டு உள்ள போறேன்” என்பார். நான் ஒரு பாசுரம் சொல்வேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “எங்க பைபிள் சங்கீதத்திலயும் இதே அழுகைதான், சாமி. ஆளுதான் வேற” என்று எழுந்து போவார். இவ்வாறு சில ஆண்டுகள் கழிந்தன.

அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது: “நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, பாத்துருவோம்.” குழாய், சாக்கடை, தெருவிளக்கு, பிறப்புச் சான்று என யார் எதற்காக மறித்தாலும் இதுதான் விடை. வேறு பலரும் சொல்லும் வாக்கியந்தான்; ஆனால் இவர் சொன்னால் மறுநாள் பெரும்பாலும் நடந்துவிடும். நடக்காதென்றால் மறுநாள் அதே நாற்காலியில் உட்காரவைத்து, ஏன் நடக்காது என்று சொல்லி அனுப்புவார். அவர் பெற்ற நல்ல பெயர் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வியாபாரிகள் சிலரும், ஆட்டோ நிறுத்தத்தாரும், சபையாரும், கோயில் கொடைக் குழுவினருமாக ஒருநாள் திரண்டு வந்து, நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டும் என்றார்கள். கூட்டம் கலைந்ததும் அவர் என்னைப் பார்த்தார்.

“சாமி, என்ன சொல்லுதீரு?”

“தலைவரே, அரசு ஊழியங்கிட்ட இதக் கேக்கப்பிடாது.”

“செரி, வாயத் திறக்காண்டாம். கண்ணு சொல்லிட்டு.”

என் கண் சொன்னது உண்மைதான். நல்லவர் ஒருவர் பெரிய அவைக்குப் போக வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? அவர் மனுத்தாக்கல் செய்யப் போன அன்று தோவாளைப் பூமாலை ஒன்று என் வீட்டுச் சுவாமி படத்தில் ஏறியது. எதற்கென்று நான் வாய்விட்டு வேண்டிக்கொள்ளவில்லை.

தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தது. அலுவலகச் சுவரில் இருந்த அவர் படத்தைப் பழுப்புத் தாளால் மூடினோம். அரசு வண்டி கொட்டகைக்குப் போயிற்று. அவர் தம் பழைய ஸ்கூட்டருக்குத் திரும்பினார். “முடியும் வரைக்கும் நான் இந்த வாசல் மிதிக்க மாட்டேன். நீரு பாத்துக்கோரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். சுயேச்சை வேட்பாளருக்குச் சின்னம் கிடைப்பது மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்த பிறகுதான். அதுவரை சின்னம் இல்லாமலே ஊர் ஊராகக் கும்பிட்டு வந்தார். கோட்டாற்றுக் கடைகளில் நின்றார். மணவாளக்குறிச்சி வழியே கரையோரமாகவே மேற்கே போனார்.

கெடு முடியும் நாளன்று காலை. அலுவலகம் திறந்து சற்று நேரந்தான் ஆகியிருக்கும். வாசல் நிறையப் பெண்கள். தோளில் பை, கையில் குடை, சிலரிடம் சோற்றுப் பாத்திரம். முன்னால் நின்றவர் ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை.

“சாரே, மேயருக்க ஆபீசு இதுதானே?”

“ஆமா. மொதல்ல எல்லாரும் உள்ள வந்து இருங்க. பொறவு பேசுவோம்.”

வரி செலுத்த வருவோர் உட்காரும் கூடத்து விசுப்பலகைகள் நிறைந்தன. சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். அந்த மர நாற்காலியில் வெள்ளைச் சேலைக்காரரை உட்கார வைத்தேன்.

“ஆரப் பாக்கணும்?”

“மேயரத்தான். வரச்சொன்னாருல்லா.”

“எப்பம்?”

“நேத்து. மைக்கில.”

அவர் பெயர் புஷ்பமேரி. மேற்கே, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் இருக்கும் ஒரு மீன்பிடித் துறையிலிருந்து வந்திருந்தார். அந்தப் பொழியில் மணல் மேடிட்டு, மழைக்காலத்தில் அலை புரண்டு படகுகளைக் கவிழ்க்கும். அவர் கணவர் போனது அப்படித்தான். இப்போது மகன் அதே வழியாகக் கடலுக்குப் போகிறார்.

“அவன் போயிட்டு வாற வரைக்கும் எனக்கு அடுப்புப் பத்த வைக்க மனசு வராது, சாரே. நேத்து மேயரு எங்க கரைக்கு வந்தாரு. பொழியில மண்ணு அள்ளணும்னு கேட்டோம். ‘நாளைக்கு எல்லாரும் நம்ம ஆபீசுக்கு வாங்க, பாத்துருவோம்’னு பறஞ்சாரு. வந்துட்டோம்.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “ரெண்டு பஸ்ஸு மாறியாக்கும் வந்தோம். மார்த்தாண்டத்தில நின்னு நின்னு காலு கழச்சுப்போச்சு.”

எனக்கு விளங்கிவிட்டது. அது அவர் திட்டமிட்டுக் கொடுத்த வாக்குறுதி அன்று. குழாய்க்கும் சாக்கடைக்கும் சொல்லிச் சொல்லி நாவில் ஏறிய பழக்கம். ஒரு கரை முழுவதும் கேட்க ஒலிபெருக்கியில் வந்து விழுந்துவிட்டது. வேறு வேட்பாளர் சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் சொன்னார், அதனால் விடியலிலேயே பஸ் ஏறிவிட்டார்கள்.

ஆணையர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். வெளி மாவட்டத்து இளைஞர், நேர்மையானவர், பதற்றக்காரர்.

“சார், இவங்கல்லாம் யாரு?”

“மனு கொடுக்க வந்தவங்க, சார்.”

“நம்ம ஊரா?”

“இல்ல.”

“தலைவர் கூப்பிட்டு வந்தவங்களா?”

“ஆமா.”

அவர் குரல் தாழ்ந்தது. “ஒரு வேட்பாளர் கூப்பிட்ட கூட்டம், நகராட்சி ஆபீஸ்ல, விதி அமல்ல இருக்கும்போது. பறக்கும் படை வந்தா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். வெளிய அனுப்பிடுங்க.”

தம்பி தங்கையரே, அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நெருக்கடி வரும்போது எதிரே நிற்பவர் பெரும்பாலும் சரியாகத்தான் பேசுவார். அதனால்தான் அது நெருக்கடியாகிறது. அவர்களை இருக்க விட்டால் விதி கெடும். எழுப்பி அனுப்பினால், கணவரைப் பொழியில் இழந்த ஒரு பெண்ணை, வரச்சொன்ன இடத்திலிருந்தே நான் துரத்தியவனாவேன். தலைவரை அழைத்தால் அவருடைய வேட்புமனுவுக்கே வம்பு வரலாம். மனத்துக்குள் ஒரு பதிகத்தின் முதலடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் அடி வருமுன் ஒன்று தெளிந்தது. அவர்கள் வேட்பாளரின் விருந்தினராக இருந்தால்தான் வம்பு. மனுதாரராக இருந்தால் அவர்கள் உட்காருவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

“அனுப்பிருவோம், சார். ஆனா தாளில எழுதிக் கொடுத்தா வாங்காம அனுப்ப முடியாது. எழுதணும்னா அவங்க இருக்கணும். நமக்கு உள்ள விஷயம் இல்லன்னா எந்த ஆபீசுக்கு உள்ளதோ அங்க அனுப்பி வைக்கணும். அது நம்ம வேலதானே?”

ஆணையர் நெற்றியைத் துடைத்தார். “தலைவர் உள்ளே வரக்கூடாது.”

“வரமாட்டாரு. வாசல்ல நான் நிக்கேன்.”

“யாரும் இவங்களுக்கு டீ கீ வாங்கிக் கொடுக்கக் கூடாது.”

“தண்ணி?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தண்ணி கொடுங்க சார், நகராட்சி அதுக்குத்தானே இருக்கு” என்று உள்ளே போய்விட்டார்.

மனு எழுதப்பட்டது. குடத்தில் தண்ணீர் வந்தது. “தேர்தலு நடக்குது, ஒரு சாயா கூடக் கிடையாதா?” என்று ஒரு பெண் கேட்டார்.

“சாயா தந்தா கேசாயிரும், தாயி.”

“ஏட்டி, கேட்டியா? சாயாவுக்குக் கேசாம். மத்தவனுவ என்னல்லாம் கொடுக்கானுவ, அவனுவளுக்குக் கேசு கிடையாது.”

நான் கேளாதவன் போல வாயிலுக்கு வந்தேன். அலுவலகத் தொலைபேசியைத் தொடாமல், என் சொந்தக் கைப்பேசியிலிருந்து அவரை அழைத்தேன்.

“தலைவரே, நேத்து நீங்க சொன்ன நாளை இங்க வந்து உக்காந்திருக்கு.”

“எத்தன பேரு, சாமி?” என்றார்.

“உள்ள நாற்காலியெல்லாம் போட்டாலும் காணாது.”

“வாறேன்.”

அவர் வந்தார், வாசல் மிதிக்கவில்லை. எதிர்ப்புறத்துப் பஸ் நிறுத்தத்தின் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றார். பெண்கள் தெருவைக் கடந்து போனார்கள். நான் வாயிலுக்குள்ளேயே நின்றேன். அங்கிருந்து பேச்சு நன்றாகக் கேட்டது. எங்கிருந்தோ படப்பிடிப்புக் கருவியோடு கண்காணிப்புக் குழுவும் வந்துவிட்டது. ஒருவர் தலைகளை எண்ணத் தொடங்கினார்.

“எங்கள ஒழுங்கா எண்ணு, மக்கா. கடல்ல போனவனுவளயும் சேத்து எண்ணு” என்றார் புஷ்பமேரி. எண்ணியவர் நிறுத்திக்கொண்டார்.

மேயர் கைகூப்பினார். “நேத்து நான் சொன்னது தப்பு. பொழியில மண்ணு அள்ளுறது எனக்க கையில இல்ல. எனக்க ஆபீசுக்கும் அதுக்கும் ஒரு பந்தமும் இல்ல. வாய்ப் பழக்கத்தில சொல்லிட்டேன். மன்னிக்கணும்.”

“அப்பம் டெல்லிக்குப் போனா உங்க கையில வருமா?” என்றார் புஷ்பமேரி.

“அங்க கேக்கலாம். கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஆனா நாளைக்கே நடக்காது.”

“செரி. நாளைக்கு நடக்காது. அப்பம் நாங்களும் விடாம வந்து உங்களக் கேக்கணும், இல்லியா?”

“கேக்கணும்.”

புஷ்பமேரி குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். “இங்கோட்டு வாறதுக்கு ரெண்டு பஸ்ஸு. டெல்லிக்கு எத்தன பஸ்ஸு மாறணும்?”

சில பெண்கள் சிரித்தார்கள். கருவியைப் பிடித்திருந்தவரும் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை, விடைக்காக மேயர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேயரும் சிரிக்கவில்லை. எந்தக் கேள்விக்கும் “நாளைக்கு ஆபீசுக்கு வாங்க” என்று பழகிய வாய். அந்த ஆபீசு எங்கே இருக்கும் என்று கேட்டதும் அடைத்துக்கொண்டது. தெருவுக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்தார்.

“நீங்க இருங்க. நான் ஒரு இடம் வரைக்கும் போயிட்டு வாறேன்” என்று ஸ்கூட்டரில் ஏறிவிட்டார்.

பெண்கள் மர நிழலில் சோற்றுப் பாத்திரங்களைத் திறந்தார்கள். ஆணையர் இரண்டு முறை சன்னலருகே வந்து பார்த்துவிட்டுப் போனார். வெயில் இறங்கத் தொடங்கியபோது ஒரு சிறு சரக்கு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து மேயர் குதித்தார். துக்க வீட்டுக்குப் போடுவதுபோலவே வேகமாக நாற்காலிகளை இறக்கி மரத்தடியில் வரிசையாகப் போட்டார். கடைசியாகத் தம் கடைப் பாத்திரம் ஒன்றை இறக்கினார். சாயா.

“குடியுங்க. இப்பம் கேசு வராது. இப்பம் நான் ஆருமில்ல.”

அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தேன், கெடு முடிந்திருந்தது. அன்றுதான் முதன்முறையாக வேலைநேரத்தில் வாசலை விட்டுத் தெருவைக் கடந்து போனேன்.

“வேட்புமனுவத் திரும்ப வாங்கிட்டேன்” என்றார், என்னிடமும் அவர்களிடமுமாக. “எனக்கு இங்க இருந்து செய்யத்தான் தெரியும். அவ்வளவு தூரத்தில இருந்து எப்படிச் செய்யதுன்னு தெரியல்ல. தெரியாம உங்கள வரச்சொல்லிக்கிட்டே இருக்க மாட்டேன்.”

புஷ்பமேரி கையிலிருந்த சாயாவைக் குடிக்கவில்லை. அவர் முகம் சிவந்தது. இதுவரை நீங்க என்று பேசியவர், நீரு என்று தொடங்கினார்.

“நான் உம்மகிட்ட என்ன கேட்டேன்? பஸ்ஸு எத்தனன்னு கேட்டேன். போகாண்டாம்னு எப்பம் சொன்னேன்?”

மேயர் சாயா ஊற்றுவதை நிறுத்தினார்.

“பஸ்ஸு இல்லன்னா ரெயிலு உண்டும்னு சொல்லணும். ரெயில்ல வந்திருப்போம்லா! எங்க மாப்பிள்ளமாரு கடல்ல ராப்பகலா கிடந்தவனுவ, எங்களுக்கு ரெயில்ல கிடக்கத் தெரியாதா? ஓட்டு உமக்குத்தான்னு கரையில பேசி முடிச்சுட்டாக்கும் வந்தோம். கேட்டதுக்குப் பதிலு சொல்லாம, நீரே ஒண்ணு தீருமானிச்சுக்கிட்டு வந்து சாயா தாறீரு!”

“பதிலு தெரியல்ல, அம்மா.”

“தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லப்பிடாதா? நாம எல்லாருமாச் சேந்து யாரையாவது கேட்டிருக்கலாம்லா.”

தெருவில் ஒரு பஸ் வந்து, யாரும் ஏறாததால் போயிற்று. மேயர் கண் கலங்கியிருந்தது. அந்த அம்மாளின் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு புஷ்பமேரி கிளாசை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “ஆறிப்போச்சு” என்றார். கோபமும் அதனோடு கொஞ்சம் ஆறியது.

“இப்பம் என்ன செய்யது? நாளைக்கும் இங்க வரட்டா?”

“நீங்க வராண்டாம்” என்றார் மேயர். “நான் அங்கோட்டு வாறேன்.”

அவர் அந்த வாக்கியத்தை மாற்றிச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

மறுநாள் ஆட்டோ நிறுத்தத்தில் ஒரே கேலி. “சின்னம் வாறதுக்கு முன்ன ஆளு திரும்பி வந்துட்டாரு. பிரதமர்னு கூப்பிட வாயத் திறந்து வச்சிருந்தேன், மேயரே!” டெல்லிக்குப் போகச் சொல்லித் திரண்டு வந்தவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். தேர்தல் முடிந்தது, வேறொருவர் டெல்லிக்குப் போனார். நாங்கள் படத்தின் மீதிருந்த பழுப்புத் தாளைக் கிழித்தோம்.

நம் குமரித் தாயின் கதையை நீங்கள் அறிவீர்கள். சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் புறப்பட்டது. வழியில் சேவல் கூவியது. விடிந்துவிட்டது, முகூர்த்தம் தவறிவிட்டது என்று எண்ணி மாப்பிள்ளை திரும்பிவிட்டார். அது விடியலின் சேவல் அன்று. கலியாண அரிசியெல்லாம் கரையில் மணலாயிற்று. தாய் இன்றும் நிற்கிறாள். அவள் கன்னியாகவே நின்றதால்தான், கன்னி கையால் மட்டுமே மாளக்கூடிய அசுரன் அழிந்தான், உலகம் பிழைத்தது என்று பெரியோர் ஆறுதல் சொல்வார்கள். எங்கள் மேயர் திரும்பியதும் அப்படித்தானோ, அல்லது விடியாத வேளையில் கேட்ட ஒரு சேவலுக்காகத் திரும்பினாரோ, எனக்குத் தெரியவில்லை. அவர் போயிருந்தால் நல்ல உறுப்பினராக இருந்திருப்பார் என்று சில நாள் தோன்றும். வேறு சில நாள், எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் இப்படி வந்திருக்காது என்று தோன்றும். இரண்டையும் சுவாமி முன் வைத்துவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறியது. வாசலில் ஒருவர் கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்கே விடை சொல்லுங்கள். அவர் மனத்தில் இருப்பதை நீங்களாக ஊகித்து, அவருக்காக முடிவெடுத்து, நல்லது செய்துவிட்டதாக எண்ணி நிற்காதீர்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, அவரோடு சேர்ந்து தேடுங்கள். அன்பு மிகுந்தவர்களே இதில் அதிகம் தவறுகிறார்கள்.

தேர்தலுக்குப் பிறகு அந்தக் கரைப் பக்கத்தில் மீனவர் குறைதீர் கூட்டங்கள் மீண்டும் தொடங்கின. மேயர் சொன்னபடி அந்தப் பெண்களோடு போனார், இன்றும் போகிறார். பதவிக்காலம் முடிந்துவிட்டது, தலையும் ஒரேயடியாக நரைத்துவிட்டது. பொழியில் ஒரு தடவை மணல் அள்ளினார்கள்; அடுத்த மழைக்காலம் பாதியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டது. மறுபடியும் மனு, மறுபடியும் கூட்டம். புஷ்பமேரியின் மகன் இன்னும் அதே வழியாகத்தான் போகிறார். ஆண்டவன் அருளால் திரும்பியும் வருகிறார்.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை நானும் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேயர் வரத் தாமதமாயிற்று. கூட்டம் நிறைந்து பலர் நின்றுகொண்டிருந்தார்கள். புஷ்பமேரி தம் பக்கத்து நாற்காலியின் மேல் குடையை வைத்திருந்தார். புதிதாக வந்திருந்த அலுவலர் ஒருவர் குடையை எடுக்கச் சொன்னார்.

“ஆளு வருது, சாரே.”

“யாரு?”

“எங்க மேயராக்கும்.”

“உங்க ஊருக்கு ஏதும்மா மேயர்?”

“எங்களுக்கு உண்டு” என்றார் புஷ்பமேரி. குடையை எடுக்கவில்லை.

வாழ்நாள் முழுவதும் பிறருக்கு நாற்காலி போட்டவர் மூச்சிரைக்க வந்து அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்த அம்மாள் அவர் காதருகே குனிந்து, “எத்தன பஸ்ஸு மாறி வந்தீரு?” என்று கேட்டார்.

“ரெண்டு” என்றார் அவர், உடனே.

இதைப் படிக்கும் உங்கள் வாசலுக்கு வருகிறவர் எவரும் நின்றபடி திரும்பாதிருக்கட்டும். நீங்கள் போய் நிற்கும் வாசல்களில் உங்களுக்கென ஒரு குடை இடம்பிடித்து வைத்திருக்கட்டும். கடலுக்குப் போனவர் கரை சேரட்டும். காத்திருப்பவர் அடுப்பு எரியட்டும். குமரித் தாயின் மூக்குத்தி ஒளி உங்கள் அனைவர் இல்லத்திலும் விழுக.